ஒற்றை மைக்கின் முன்னால் நின்ற கிழவர்கள்

போன மாதம் கொலோனில் நாங்கள் கூடியபோது, நீங்கள் ஒவ்வொருவரும் முதன்முதலில் நேரில் பார்த்த கச்சேரியைப் பற்றிச் சொன்னீர்கள். ஒருவர் ஊர்க் கோயிலில் கேட்ட நாதஸ்வரத்தைச் சொன்னார். இன்னொருவர் டுசுல்டோர்ப் மண்டபத்தில் சினிமாப் பாடகர் ஒருவரைப் பார்க்கத் தகப்பனின் தோளில் ஏறி இருந்ததைச் சொன்னார். என் முறை வந்தபோது, “தொப்பி போட்ட அமெரிக்கக் கிழவர்கள்” என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். “உவ இன்னும் அந்த மாட்டுக்காரப் பாட்டை விடேல்லை” என்று ஒருவர் சொல்ல, பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் ரயிலில் வீடு திரும்பும்போது, இதை ஒருமுறையாவது உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். உங்களில் அநேகம் பேர் தாய் தகப்பனோடு வந்தீர்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுத்தோம், ஒரே அடுப்பில் மூன்று குடும்பம் சமைத்தோம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் தனியாக வந்த பிள்ளை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நானும் அண்ணாவும் சேர்ந்து வருவதாகத்தான் ஏற்பாடு. கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தபோது, எங்களைக் கூட்டிப் போக வேண்டிய ஆள் வந்து, இந்த முறை ஒரு பிள்ளைதான் போகலாம், மற்றதை அடுத்த முறை பார்ப்போம் என்றார். எங்கள் தகப்பன், ஐயா, என்னை அனுப்பத் தீர்மானித்தார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரேயொரு கம்பளிச் சட்டைதான் வாங்கியிருந்தார்கள். நீல நிறம். கொழும்பு வெயிலில் யாரும் வாங்காமல் கிடந்ததைக் கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார். அதை அண்ணாதான் போட்டிருந்தான். நான் புறப்படும்போது கழற்றி என் கையில் தந்தான். அடுத்த முறை வரும்வரை அவன் ஊருக்குத் திரும்பிப் போய் இருப்பதாக ஏற்பாடு.

“நீ போடு. நான் வந்த உடனை திருப்பித் தந்திட வேணும். கையைக் கிய்யை இழுத்துப் பெருப்பிச்சுப் போடாதை.”

அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அந்த நேரம் அது கடைசி என்று எனக்குத் தெரியாது. எரிச்சல்தான் வந்தது.

பிராங்பர்ட்டில் இறங்கிய என்னைக் கார்ல்ஸ்ரூஹேக்குத் தெற்கே, காடு தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். உயரமான ஜன்னல்கள் உள்ள பழைய வீடு. தரைக்குப் பூசிய மெழுகும் அவித்த முட்டைக்கோவாவும் எந்த நேரமும் மணக்கும். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை ஸ்டுட்கார்ட்டிலிருந்து மொழிபெயர்க்க ஒரு தமிழ் அண்ணை வருவார். அவர் வந்தால் படிவங்களைப் பற்றித்தான் பேசுவார்.

நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். பிடிவாதம் என்று சொல்ல முடியாது. வாயில் வரும் தமிழ் அங்கே ஒருவருக்கும் உதவாது; ஜெர்மனோ காதுக்குள் போனதே தவிர வாய்க்கு வரவில்லை. நாள் போகப் போக, வாய் திறக்காமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்வேன்.

ஒருநாள் துணி துவைக்கிற பெண் என் நீலச் சட்டையைக் கொதிநீரில் மற்றத் துணிகளோடு போட்டுவிட்டாள். அது ஒரு பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கி வந்தது. நான் அலறினேன். அந்த வீட்டில் என் குரலை அவர்கள் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். இல்லத் தலைவி ஓடி வந்தார். உயரமான, நல்ல மனமுள்ள பெண். என் கையைப் பிடித்து நன்கொடை உடுப்பு அறைக்குக் கொண்டுபோய், மூன்று கம்பளிச் சட்டைகளைத் தூக்கிக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார். ஒன்று சிவப்பு. நட்சத்திரம் பின்னியது. நான் இன்னும் அழுதேன். அவர் மூன்றையும் தந்துவிட்டார். ஒரு சட்டைக்கு மூன்று கிடைத்தும் அழுகிற பிள்ளை என்று அவர் நினைத்திருக்கலாம். சுருங்கிய சட்டை குப்பைக்குப் போய்விட்டது.

நான் பேசாததால் எனக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் நேரம் கேட்டு ஒரு தெர்மின் எடுத்தார்கள். சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. காதில் பெரிய ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொல்லிச் சைகை காட்டினார்கள். ரெலிபோன் போல ஒன்றைக் காதில் வைத்ததால், அம்மா பேசப் போகிறா என்று நான் நினைத்துக்கொண்டேன். உள்ளே ‘கூ’ என்று மெல்லிய சத்தங்கள் வந்தன. லைன் கிடைக்கிற சத்தமாக்கும் என்று காத்திருந்தேன். கையை உயர்த்தவே இல்லை. இந்தப் பிள்ளைக்குக் காது மந்தம், வகுப்பில் முன்வரிசையில் இருத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நான் காதுக் கருவி பொருத்துகிற வேலை செய்கிறேன். என் கடையில் சின்னப் பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டும் ஒவ்வொரு தடவையும், இதில் யாரும் பேச மாட்டார்கள் என்று முதலில் சொல்லிவிடுவேன்.

இல்லத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் பாஞ்சோ வாசிப்பார். செம்மண் நிறத் தாடி வைத்த இளைஞர். நான் மனதுக்குள் அவருக்குப் பாஞ்சோக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். வேலை முடிந்த பின்னேரங்களில் பின்பக்கப் படியில் இருந்துகொண்டு வாசிப்பார். தவிலின் ஒரு பக்கத்தை வெட்டி அதற்கு ஒரு கழுத்து வைத்ததுபோல அந்த வாத்தியம் இருக்கும். விரல்களில் தகர நகங்களை மாட்டிக்கொள்வார். தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல ஒரு சத்தம். நான் துணி துவைக்கிற அறையின் ஜன்னலடியில், சுடுசவர்க்கார மணத்துக்குள் குந்தியிருந்து கேட்பேன். அவர் என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் நான் வந்து குந்திய பிறகு கொஞ்சம் சத்தமாக வாசிப்பார்.

கோடை தொடங்கியதும், கார்ல்ஸ்ரூஹேயில் அமெரிக்கப் படையினர் குடியிருந்த பக்கத்தில் வெளியாரும் உள்ளே போகக்கூடிய ஒரு திறந்த நாள் சந்தை வைத்தார்கள். பாஞ்சோக்காரர் எங்களை இல்லத்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மற்றப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டியைக் கண்டதும் சிதறிவிட்டார்கள். என்னை மட்டும் கையில் பிடித்து ஒரு கூடாரத்துக்குள் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தினார். டாக்டர் சொன்னாரல்லவா, காது மந்தம் என்று.

மேடையில் ஐந்து பேர். நான்கு பேர் வயதானவர்கள். அந்த வெக்கையில் கறுப்புக் கோட், கழுத்துப்பட்டி, வெளிர்நிறத் தொப்பி. கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் வழி தவறிக் கூடாரத்துக்குள் வந்துவிட்டதுபோல நின்றார்கள். ஒருவரிடம் மண்டலின், ஒருவரிடம் வயலின், ஒருவரிடம் கிட்டார், ஒருவரிடம் பாஞ்சோ, கடைசி ஆளிடம் அவர் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின். ஐந்து பேருக்கும் ஒரேயொரு மைக்.

அதுதான் என்னைப் பிடித்தது. பாட்டை விட முதலில் அதுதான். வாசிக்க வேண்டியவர் மைக்குக்கு முன்னால் வருவார். அவர் முடிக்கிற நொடியில் மற்றவர் வந்துவிடுவார். முன்னவர் தோளைச் சரித்து விலகுவார். கிட்டாரின் கழுத்து ஒருவர் தொப்பிக்கு ஒரு விரல்கடை தூரத்தில் போகும், முட்டாது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் மற்றவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்திருந்தது. சிறிய சமையலறையில் அம்மாவும் ஐயாவும் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற காலை நேரம் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு மண்டலின்காரர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பாடத் தொடங்கினார். ஆம்பிளைக் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அழுகைக்கு ஒரு மயிரிழை இப்பால் அது நின்றது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் முழங்கைகளில் மயிர் கூச்செறிந்தது. என் பக்கத்தில் கடுகுச் சாறு பூசிய இறைச்சி ரோலைத் தின்றுகொண்டிருந்த ஒரு சிப்பாய், வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே இருந்தான்.

முடிந்ததும் கிழவர்கள் தாங்களே ஒரு சூட்கேஸைத் திறந்துவைத்துக் கசெட் விற்றார்கள். நீண்ட வரிசை. மண்டலின்காரர் கையெழுத்துப் போட வசதியில்லாமல், கையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். முன்னால் நின்றது நான். என் கையில் தந்துவிட்டார். வரிசை முடியும்வரை அந்தக் கடதாசிக் கோப்பையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருவர் என்னை நம்பித் தந்த முதல் பொருள் அது. எல்லாம் முடிந்ததும் அவர் தொப்பியைத் தொட்டு, “தாங்க்யூ, மேடம்” என்றார்.

வானில் திரும்பும்போது நான் அந்தப் பாட்டை வாய்க்குள் முனகினேனாம். எனக்குத் தெரியாது. பாஞ்சோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இல்லத்துக்குப் போனதும் தலைவியிடம் இரண்டு கையையும் விரித்து ஏதோ சொன்னார். அடுத்த நாளிலிருந்து எனக்கு இசை மருந்தாகக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சாப்பாட்டு அறை றேடியோவை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் வந்ததெல்லாம் பித்தளைக் குழல் ஊதும் ஜெர்மன் ஊர்வலப் பாட்டு.

நான் அண்ணாவுக்காகச் சேர்க்கத் தொடங்கியதும் அப்போதுதான். கூடாரத்தில் பொறுக்கிய சோடா மூடிகள், அறுந்துவிட்டதென்று பாஞ்சோக்காரர் எறிந்த ஒரு தந்தி, தொப்பிக்காரர்களின் படம் போட்ட துண்டுத்தாள். பிஸ்கட் தகரம் ஒன்றில் போட்டு வைத்தேன். அவன் வந்ததும் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்துக் கதை சொல்வதாக எண்ணம். சட்டை சுருங்கியதைப் பற்றி எந்த இடத்தில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் அம்மா கொழும்பில் ஒரு உறவினர் வீட்டிலிருந்து ரெலிபோன் எடுத்தா. தலைவியின் அறையில் நின்று பேசினேன். அம்மாவோடு மட்டும் எனக்குப் பேச்சு வரும். பாஞ்சோக்காரர் கதவடியில் நின்றார்.

“சாப்பிடுறியா குஞ்சு?”

“ஓம். அண்ணா எப்ப வாறான்?”

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“வருவான். நீ வடிவாப் படி.”

“அவனுக்கு வேறை சட்டை வாங்கிக் குடுத்து விடுங்கோ அம்மா. இது சுருங்கிப் போச்சு.”

“ஓம் குஞ்சு. வாங்கிக் குடுக்கிறன்.”

அம்மாவுக்குத் தடிமன் பிடித்திருக்கிறது, குரல் அடைத்துப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் ரெலிபோனை வைத்துத் திரும்பியபோது பாஞ்சோக்காரர் கதவடியில் இல்லை.

இரண்டாவது கச்சேரிக்குக் கோடை முடிகிற நேரத்தில் போனோம். மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஊர் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாங்கள் இருவர் மட்டும்தான். சந்தைக் கூட்டம்போல இல்லை. ஜெர்மன்காரர்கள் தேவாலயத்தில் இருப்பதுபோல முதுகை நிமிர்த்தி இருந்தார்கள். சிலர் பழைய இசைத்தட்டுகளை மடியில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் சேர்ந்து பாடிய இரண்டு சகோதரர்களில் ஒருவர் வருகிறார் என்று பாஞ்சோக்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் பாதி விளங்கியது.

மெலிந்த மனிதர். மேடைக்கு வந்து கும்பிடவோ சிரிக்கவோ இல்லை. மைக்குக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நின்று பாடினார். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறுமை. மற்றக் கலைஞர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அந்த இடத்தை மட்டும் ஒருவரும் மிதிக்கவில்லை. அவருடைய குரல் மைக்குக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. எட்டிப் பாடினாரே தவிர, நகரவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. பாட்டுகளுக்கு நடுவே கைதட்டுகிற சத்தத்தில் பாஞ்சோக்காரரின் சட்டைக் கையை இழுத்துக் கேட்டேன்.

“அவர் ஏன் நடுவில் நிற்கவில்லை?”

ஜெர்மனில் கேட்டேன். கேட்ட பிறகுதான் ஜெர்மனில் கேட்டது எனக்கே தெரிந்தது.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார்: “அது அவருடைய சகோதரர் நின்ற இடம். அவர் இறந்துவிட்டார்.”

ஜெர்மனில் அண்ணாவுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்தான். எனக்கு எது என்று தெரிய வேண்டியிருந்தது.

“மூத்தவரா, இளையவரா?”

“மூத்தவர்.”

சொன்னவுடன் அவர் முகம் குலைந்தது. கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. பெரிய ஆம்பிளை அப்படி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருக்கு அந்தப் பாடகர்மேல் அவ்வளவு விருப்பம் என்று நினைத்து, நானும் அழத் தொடங்கினேன். என் அழுகையைக் கண்டதும் அவர் பதறி எழுந்து என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பூட்டிய கதவுக்கு உள்ளே அடுத்த பாட்டு தொடங்கியது. “உள்ளே போவோம்” என்று சொல்லத் தெரியும். ஆனால் வரவில்லை. இரண்டு வசனத்தோடு என் வாய் திரும்ப மூடிக்கொண்டது. இந்தப் பாட்டு பிள்ளைக்குக் கூடாது என்று அவர் தலைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். படியில் பாஞ்சோ வாசிப்பதும் அதோடு நின்றது.

பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, மொழிபெயர்க்கிற அண்ணை வந்தார். அது அவர் வருகிற நாள் அல்ல. சாப்பாட்டு அறையில் என்னை இருத்தித் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். பாஞ்சோக்காரர் சுவரோடு நின்றார்.

“தங்கச்சி, ஊரிலை உங்கட அண்ணா ரியூசனுக்குப் போகேக்கை ஷெல் விழுந்தது” என்றார் அண்ணை. அதற்கு மேல் அவரால் ஏலவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினார்.

“எப்ப?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாளாச்சு.”

நான் திரும்பிப் பாஞ்சோக்காரரைப் பார்த்தேன். ஜெர்மனில் கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஆம்.”

“எப்போதிருந்து?”

“வசந்தகாலத்திலிருந்து.”

 அவர் சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் மேலே போய் அந்தப் பிஸ்கட் தகரத்தை எடுத்துக்கொண்டு வந்து சமையலறைக் குப்பையில் கவிழ்த்தேன். சோடா மூடிகள் நெடுநேரம் சத்தம் போட்டதுபோல இருந்தது. அதன் பிறகு நான் எல்லோருடனும் பேசினேன். ஜெர்மன் அருவிபோல வந்தது. பாஞ்சோக்காரரோடு மட்டும் பேசவில்லை. பனி விழுவதற்கு முன் அவர் வேறொரு இல்லத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தேன், கலியாணம் கட்டினேன், ஐயா காலமான பிறகு அம்மாவை இங்கே கூப்பிட்டேன். தெரியாதது ஒன்று: சம்பளம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தத் தொப்பிக் கிழவர்களில் எவர் இந்தப் பக்கம் வந்தாலும் போய்ப் பார்த்தேன். தீயணைப்புப் படை மண்டபங்கள், தேவாலயங்கள், ஒருமுறை ஒரு பழைய மாட்டுத் தொழுவம். என் கணவர் ஒருதடவை வந்தார். இரண்டு பாட்டில் நித்திரையாகிவிட்டார். பிறகு தனியாகவே போனேன். இடைவேளையில் ஜெர்மன் ரசிகர்கள் கோப்பித் தட்டோடு வட்டமாக நின்று, யார் யாரை எப்போது பார்த்தோம் என்று போட்டிபோடுவார்கள். “அந்தப் பாடகரை அவருடைய அண்ணா இருக்கும்போதே பார்த்தவன் நான்” என்று நரைத்த ஒருவர் சொல்வார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நான் பார்த்ததைச் சொன்னதில்லை. வட்டத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி நிற்பதே அவர்களுக்கு ஒரு கதை. ஒவ்வொரு வருடமும் மேடையில் ஒருவர் குறைந்தார். கோட்டுப் போட்ட அந்தத் தலைமுறையில் இப்போது ஒருவரும் இல்லை. இளம்பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள், ஆளுக்கொரு மைக்கோடு.

போன வருடம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். காரில் அந்த உயரக் குரல் பாடிக்கொண்டிருந்தது. அம்மா வெளியே பார்த்தபடி கேட்டா:

“அந்தப் பெடியன் இப்ப எங்கை?”

“எந்தப் பெடியன்?”

“நீ இருந்த வீட்டிலை. ஆரோ எடுத்து வைச்சிட்டுக் கூப்பிடப் போகேக்கை, ரெலிபோனுக்குள்ளை இப்பிடி ஒரு வாத்தியம் கேக்கும். பிறகு அவன்தான் எடுப்பான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷிலை அவனோடைதான் கதைச்சனான். அண்ணான்ரை செய்தியை முதல் முதல் சொன்னதும் அவனுக்குத்தான்.”

நான் வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன்.

“நான்தான் சொல்ல வேண்டாம் எண்டு மண்டாடினனான். அவன் ஓம் எண்டு சொல்லேல்லை. பிள்ளைக்குப் பொய் சொல்ல ஏலாது எண்டு சண்டை பிடிச்சவன். அவள் அங்கை தனிய, கட்டிப் பிடிச்சு அழ ஒரு ஆள் இல்லை, நான் வந்து என்ரை வாயாலை சொல்லுறன், அதுவரைக்கும் பொறு எண்டு கெஞ்சினனான். விசா கிடைக்கும் எண்டு நம்பினன். இல்லை எண்ட பிறகுதான் சொல்லச் சொன்னனான்.” அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. “உனக்கு அவன் சொல்லேல்லையா?”

“இல்லை.”

“ஒருநாளும் சொல்லேல்லையா?”

“இல்லை அம்மா.”

கார்ல்ஸ்ரூஹே பக்கத்து ரசிகர்களிடம் விசாரித்தபோது பாஞ்சோக்காரர் இருக்கும் இடம் சுலபமாகவே தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரு கிராமத்தில் வாத்தியங்கள் திருத்துகிறாராம். அவர் அங்கே இருந்திருக்கிறார், அந்த மண்டபங்களுக்குக் கார் ஓடுகிற தூரத்தில். ஆனால் எந்தக் கச்சேரியிலும் நான் அவரைக் கண்டதில்லை. நானும் தேடியதில்லை.

போனேன். கதவைத் திறந்தவருக்குத் தாடி வெள்ளையாகியிருந்தது. என்னைப் பார்த்தவுடன், நான் பெயர் சொல்வதற்கு முன், “உள்ளே வா” என்றார். பட்டறை மேசையில் பசைச் சட்டி, மரத்தூள். தேநீர் ஊற்றினார்.

“அம்மா சொல்லிவிட்டார்” என்றேன்.

“இருக்கிறாரா?”

“என்னோடுதான் இருக்கிறார்.”

“நல்லது” என்றார். கொஞ்சநேரம் கரண்டியைச் சுழற்றினார்.

“அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? அம்மாதான் கேட்டுக்கொண்டார் என்று?”

“என்மேல் கோபப்பட்டால் உனக்கு ஒரு பராமரிப்பாளன் குறைவான். இன்னொருவர் வருவார். அம்மாமேல் கோபப்பட்டால்...” 

அந்த ஊர் மண்டபத்தில் என் அண்ணாவை நினைத்துத்தானே அழுதீர்கள் என்று கேட்டேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தார்.

“அதுவும்தான். ஆனால், நீ மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. உன் முதல் வசனத்துக்காக அந்த வீடே காத்திருந்தது. அது வருகிற நாளில் கேக் செய்கிறேன் என்று சமையல்காரி சொல்லியிருந்தாள். வந்தது. ஒரு பிழை இல்லை, ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில். ஆனால் நீ கேட்டது அந்தக் கேள்வியை. அதற்குப் பிறகு இன்னொன்றையும் கேட்டாய். நான் சந்தோஷப்படுவதா, என்ன செய்வது?”

வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்கு மன்னிப்பு எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் எனக்கு மட்டும் அண்ணா உயிரோடு இருந்தான். அது எனக்குக் கிடைத்ததா, என்னிடமிருந்து பறித்ததா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

“ஒன்று கேட்கலாமா?” என்றார் அவர். “அவன் பெயர் என்ன? உன் அம்மா ரெலிபோனில் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில், இன்னொருமுறை சொல்லுங்கள் என்று ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது?”

எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அம்மாவுக்கு அவன் ‘பிள்ளை’. திவசத்தில் ஐயர் ஒருமுறை சொல்வார், அதுவும் மந்திரத்துக்கு நடுவில். நான் எப்போது கடைசியாக வாயால் சொன்னேன் என்று யோசித்தேன். பிறகு சொன்னேன்.

அந்தப் பெயரின் நடுவில் ஒரு ழகரம் இருக்கிறது. எங்கள் ஊரில் பலர் அதை ளகரமாகத்தான் சொல்வார்கள், ஐயா விடமாட்டார். பாஞ்சோக்காரர் சொல்லிப் பார்த்தார். முதலில் ல வந்தது. பிறகு ர வந்தது. நாக்கை உள்ளே மடிக்க வேண்டும், ஆனால் எதிலும் முட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் வாயையே உற்றுப் பார்த்தார்.

“இன்னொருமுறை சொல்” என்றார்.

சொன்னேன்.